பிடிக்காத பர்மனென்ட் வேலையை விட்டுவிட்டு ஒரு வருடக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகலாமா?

போகலாம். நான் போனேன். அதற்காக முதல் வரியைப் படித்துவிட்டு நாளைக்கே பேப்பர் போட்டுவிடாதீர்கள்.

உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீட்டுக் கடன் இல்லை, தனியார் கம்பெனியில் ஸ்டாஃபாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அரசு வேலை என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். தனியார் என்றால் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நோட்டீஸ் பீரியட் பத்தியை ஒருமுறை படியுங்கள். பெரும்பாலும் இரண்டு மாதமோ மூன்று மாதமோ நோட்டீஸ் கொடுத்து இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம் என்று இருக்கும். இரு தரப்பும் என்பதைக் கவனியுங்கள். நம் பர்மனென்ட் அவ்வளவுதான்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில், அதாவது உலோகத் தகட்டை அழுத்தி வண்டி பார்ட் அடிக்கும் ஆலையில், குவாலிட்டியில் இருந்தேன். 2013இல் சேர்ந்தது. பிரேக் அசெம்பிளிக்குப் போகும் பிராக்கெட் அடிக்கும் இடம். காலை மீட்டிங்கில் ரிஜெக்ட் ஆன பீஸை மேஜைமேல் வீசி, "இதுக்குத்தான் சம்பளம் வாங்கறியா?" என்பார் பிளான்ட் ஹெட். டை (தகட்டை வெட்டும் அச்சு) தேய்ந்திருக்கிறது, கிரைண்ட் பண்ணாமல் ஓட்டினால் பர் (ஓரத்தில் நீட்டும் பிசிறு) வரத்தான் செய்யும் என்று சொன்னால் புரொடக்‌ஷன்காரர்கள் முறைப்பார்கள். ராத்திரி கஸ்டமரிடமிருந்து ஃபோன் வரும்: "சார், உங்க பார்ட்டால லைன் நிக்குது." பைக்கை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் ஸ்டோர் மூலையில் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, டப்பா டப்பாவாகக் கொட்டி, ஒவ்வொரு பீஸாக கேஜில் விட்டுப் பார்த்துப் பிரிக்க வேண்டும். விடியும்போது கட்டைவிரல் முழுக்க பர் கிழித்த கோடுகள் இருக்கும். அப்புறம் அதே கையால் 8டி ரிப்போர்ட்டில் (குறை ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று கஸ்டமருக்குத் தரும் அறிக்கை) காரணம் என்ற இடத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதச் சொல்வார்கள். தூக்கம் கெட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தேய்ந்த டையை மறைத்து ஒரு ஐடிஐ பையன் தலையில் பழியைக் கட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

2018இல் ஒரு பெரிய வண்டிக் கம்பெனியின் சப்ளையர் குவாலிட்டி டீமுக்கு (பார்ட் செய்து தரும் கம்பெனிகளின் தரத்தைப் பார்க்கும் குழு) ஆள் தேடினார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிதான் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த நேரம் அது. ஏகப்பட்ட பார்ட்டுகள் மாறின. மாறிய பார்ட் ஒவ்வொன்றுக்கும் சப்ளையரிடம் புதிதாக பிபிஏபி (பார்ட் கேட்டபடியே வருகிறது என்று காட்டும் ஒப்புதல் ஆவணங்கள்) வாங்க வேண்டும். வேலை மலையாகக் கிடந்தது, ஆனால் தேதி போட்டு முடிகிற வேலை. அதனால் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சியின் பேரோலில் (சம்பளப் பட்டியலில்) ஒரு வருடம், தேவைப்பட்டால் நீட்டிப்பு என்று எடுத்தார்கள். சம்பளம் கொஞ்சம் கூட, போனஸ் கிடையாது.

தாய்மாமன் வீட்டுக்கே வந்துவிட்டார். "மாப்ளே, பர்மனென்ட்டை விட்டுட்டு டெம்பரரிக்குப் போறேங்கறியே, நாளைக்குப் பொண்ணு வீட்ல கேட்டா நான் என்னடா சொல்றது?" அவர் கவலை அவருக்கு.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ஐந்து வருடம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, கிராஜுட்டி (பணிக்கொடை) வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். கடைசி பேசிக்கை (டிஏ இருந்தால் அதையும் சேர்த்து) 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வருடக் கணக்கால் பெருக்குவதுதான் அன்றைய கணக்கு. 18,000 பேசிக் என்றால் ஐந்து வருடத்துக்குச் சுமார் 52,000 ரூபாய். நான்கு வருடமும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. இருந்தாலும் எச்ஆரோடு சட்டம் பேச யாருக்குத் தெம்பு? உங்கள் நிலைமை இன்னும் நல்லது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி, குறிப்பிட்ட காலத்துக்கு என்று எடுக்கப்படும் ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுட்டி உண்டு. ஆர்டரில் 11 மாதம் என்று போட்டிருந்தால் அந்த ஒரு மாதம் எங்கே போனது என்று கேளுங்கள்.

புது இடத்தில் ஐடி கார்டுக் கயிறே வேறு நிறம். மெயில் ஐடியில் பெயரோடு எக்ஸ்டர்னல் என்று ஒட்டிக்கொண்டிருக்கும். டீம் அவுட்டிங் என்றால் நமக்கு அன்று லேப்டாப்பும் காலி ஆபீசும்தான். சுருக்கென்று இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் தடவை ஒரு பிரஸ் ஷாப்புக்குள் கஸ்டமராக நுழைந்து, "டை மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டரைக் காட்டுங்க" என்று கேட்டேன் பாருங்கள், அதற்கு எவ்வளவு சம்பளம் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். அங்கே இருந்த குவாலிட்டி பையன் என்னைப் பார்த்த பார்வையில் நன்றிதான் தெரிந்தது.

2019இல் வண்டி விற்பனை படுத்தது. ஆகஸ்ட்டில் சென்னையைச் சுற்றி ஆலைகள் வேலையில்லா நாள்கள் அறிவித்தன. என் பழைய கம்பெனியில் பர்மனென்ட் ஆட்களைக் கூப்பிட்டு, "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, ரிலீவிங் லெட்டர் நல்லபடியா தரோம்" என்றார்களாம். நான் கான்ட்ராக்ட்டில் நீட்டிப்பு வாங்கி உட்கார்ந்திருந்தேன். மாமாவிடம் இதைச் சொல்லிக் காட்டவில்லை. சரி, ஒரு தடவை சொன்னேன்.

2020 மார்ச்சில் கான்ட்ராக்ட் முடிந்தது, கூடவே ஊரடங்கும் வந்தது. சில மாதம் சும்மா இருந்தேன். அப்போது கொரோனாவுக்காக பிஎஃப்பில் அட்வான்ஸ் எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். என்னால் எடுக்க முடியவில்லை. ஏன் தெரியுமா? இனிஷியல்! ஆதாரில் என் பெயரும் பின்னால் ஒற்றை எழுத்தும். கன்சல்டன்சிக்காரர்கள் என்னைக் கேட்காமலே பிஎஃப் கணக்கில் அப்பா பெயரை முழுசாகச் சேர்த்து எழுதியிருந்தார்கள். இரண்டும் பொருந்தவில்லை, திருத்த அவர்களே கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள் ஆபீசோ பூட்டு. தமிழ்நாட்டில் பிறந்தவனுக்கு லாஸ்ட் நேம் ஏது சார்? பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பேங்க்கில் ஒரு மாதிரி, பான் கார்டில் அப்பா பெயரில் இருப்பது நானா அவரா என்று எனக்கே சந்தேகம். ஃபார்ம் டிசைன் பண்ணுகிறவன் ஒருத்தனாவது நம்ம ஊர்ப் பக்கம் வந்து பார்த்திருக்கிறானா?

விடுங்கள். ஊரடங்கு தளர்ந்ததும் ஓசூரில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் கான்ட்ராக்ட் என்பதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, மீதியெல்லாம் பிபிஏபி பற்றித்தான்.

"உனக்கு அப்பா பென்ஷன் இருந்தது, அதனால் பேசுகிறாய்" என்று கமெண்டில் யாராவது வருவார்கள். ஆமாம், இருந்தது. அந்த மாதங்களில் வீடு அதில்தான் ஓடியது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லை என்றால் ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் வையுங்கள், இல்லாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருங்கள். வேலை பிடிக்கவில்லை என்பது வாடகை கேட்டு வருகிறவரிடம் எடுபடாது.

கிளம்புவதாக முடிவு செய்தால், சம்பளம் யார் பேரோலில் வருகிறது என்று முதலில் கேளுங்கள். கன்சல்டன்ட் என்று எழுதி 10 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரி) பிடித்துக் கொடுத்தால் பிஎஃப் கிடையாது, லீவும் அவர்கள் மனசு. கம்பெனி இன்ஷூரன்ஸில் அப்பா அம்மா இருந்தால் அது உங்கள் கடைசி நாளோடு போய்விடும். தனி பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மூன்று வருடம்வரை காத்திருக்க வைக்கலாம், அதனால் இப்போதே எடுங்கள். அப்புறம், ஆஃபர் லெட்டர் மெயிலில் வரும்வரை பேப்பர் போடாதீர்கள். "கன்ஃபர்ம்தான் சார்" என்று ஃபோனில் சொல்கிற பெண் அடுத்த மாதம் வேறு கன்சல்டன்சியில் இருப்பார்.