கல்லுக்குள் இருக்கும் நீர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொட்டி மண்ணில் கலக்கும் வெள்ளை பெர்லைட், கல்லைப் பொரித்துச் செய்வதாமே? கல்லுக்குள் ஏது நீர்?
- வாசகி, ஈசூன்

பதில்: அது எரிமலைக் கண்ணாடி. எடையில் 2 முதல் 5 சதவீதம் நீர் அதற்குள் இருக்கும். உலையில் 850–900 டிகிரி செல்சியஸில் கண்ணாடி இளகும்போது நீர் ஆவியாகி உள்ளிருந்து தள்ளும். பருமன் 7 முதல் 16 மடங்காகும். மணல் நன்றாகச் சூடேறிய பிறகு நெல்லைப் போட்டால்தானே பொரியும்? இதுவும் அப்படித்தான். மெதுவாகச் சூடேற்றினால், இளகுவதற்கு முன்பே நீர் கசிந்து போய்விடும்.

கேள்வி: பேராக் மாநிலத்தில் எடுத்த, சுமத்ராவின் தோபா எரிமலைச் சாம்பலை உலையில் சுட்டு, எடை இழப்பைப் பார்த்தேன். 4 சதவீதம் வந்தது. வெடித்த குழம்பில் அவ்வளவு நீர் மிஞ்சியிருந்தது என்று எழுதலாமா?
- பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஜூரோங்

பதில்: எழுத வேண்டாம். எடை இழப்பு, குழம்பில் இருந்த நீர், பிறகு ஊறிய நீர் என எல்லா நீரையும் ஒன்றாகக் கூட்டிவிடும். கரிமப் பொருளும் அதோடு எரியும். இரும்பு ஆக்சிஜனை ஏற்று எடை கூடுவதால் கணக்கு மறுபக்கமும் இழுக்கும்.

எரிமலைக் குழம்பு போன்ற சிலிக்கேட் (சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்த) குழம்பில் நீர் இரண்டு வடிவில் கரைகிறது. ஒரு பகுதி நீர் மூலக்கூறாகவே தங்கும். மற்றது சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை வெட்டி ஹைட்ராக்சிலாக (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதி) மாறும். குழம்பை இளக்குவது பெரும்பாலும் இதுதான். நீர் குறைவாக இருந்தால் ஏறக்குறைய எல்லாமே ஹைட்ராக்சில். தோபாவைப் போன்ற, சிலிக்கா மிகுந்த ரயோலைட் குழம்பில் மொத்தம் 3 சதவீதத்தை ஒட்டி இரண்டும் சமமாகும். குழம்பு கண்ணாடியாக உறையும் வெப்பநிலையில் இந்த விகிதம் அப்படியே நின்றுவிடுகிறது.

தோபா வெடித்து சுமார் 74,000 ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் மழைநீரும் மண்நீரும் அந்தச் சாம்பலுக்குள் ஊறிக்கொண்டே இருக்கின்றன. குளிர்ந்த கண்ணாடிக்குள் நுழையும் நீரால் பிணைப்பை எளிதில் வெட்ட முடியாது. பெரும்பாலும் மூலக்கூறாகவே நிற்கும். இதுதான் உங்களுக்குத் துப்பு. 4 சதவீதமும் குழம்பு நீர் என்றால் ஹைட்ராக்சில் 1.5 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 0.3 போலத்தான் வருகிறதா? மீதியில் பெரும்பகுதி பிறகு ஊறியது. இன்னொன்றையும் பாருங்கள்: கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ரயோலைட் குழம்பு சுமார் 0.1 சதவீத நீரைத்தான் பிடித்து வைக்கும். ஆகவே, வெடித்து வெளிவந்த குழம்பில் 4 சதவீதம் மிஞ்சியிருக்க வாய்ப்பு குறைவு.

பிரித்து அளக்க, நுண்ணோக்கி பொருத்திய அகச்சிவப்பு நிறமாலைமானி வேண்டும். துகளைப் பிசினில் பதித்து, இருபுறமும் மெருகேற்றி, 30 மைக்ரான் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். 100 மைக்ரான் என்றால் மொத்த நீருக்கான அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள்) 3550 பட்டையின் உறிஞ்சல் 4-ஐத் தாண்டும், அதாவது ஒளி ஏறக்குறைய வெளியே வராது. அந்த எண்ணை நம்ப முடியாது. மூலக்கூறு நீரை 1630-இல் அளந்து, மொத்தத்திலிருந்து கழித்தால் ஹைட்ராக்சில் கிடைக்கும். தடிமனில் 3 மைக்ரான் பிசகினால் விடையில் 10 சதவீதம் பிசகும். ஆகவே, ஒவ்வொரு துகளையும் தனித்தனியாக அளங்கள்.

2900 அருகே பட்டை தெரிந்தால் பிசின் ஒட்டியிருக்கிறது, அசிட்டோனில் கழுவுங்கள். 3620-இல் கூரான முள் எழுந்தால் கண்ணாடி களிமண்ணாக மாறத் தொடங்கியிருக்கிறது. அந்தத் துகளை ஒதுக்கிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றும் 1630-ஐச் சுற்றி மெல்லிய கோடுகளாகத் தலைகாட்டும். கருவிக்குள் உலர் நைட்ரஜன் செலுத்தி, அந்தக் கோடுகள் மறைந்த பிறகே அளவெடுங்கள்.