‘நேட்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

‘உங்க நேட்டிவ் எது?’ என்பது சரியான ஆங்கிலமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் சரி. பொங்கலுக்கு ‘நேட்டிவ் போறேன்’ என்றால் அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும். லண்டன்காரரிடம் சொன்னால் விழிப்பார். அவருக்கு ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்றோ ‘ஹோம்டவுன்’ என்றோ சொல்ல வேண்டும்.

பிறத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. ‘நேஷன்’, ‘நேச்சர்’ இரண்டும் அதே வேரில் முளைத்தவைதான். அதனால் ‘நேட்டிவ் லாங்குவேஜ்’ என்றால் தாய்மொழி. செடிகொடிகளுக்கும் வரும்: மிளகு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நேட்டிவ்; நாம் தினமும் தாளிக்கிற மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துக்கு நேட்டிவ், போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்தது. இப்படிச் சொல்லும்போது பின்னால் ‘டு’ வரும். ஆளைச் சொன்னால் ‘ஆஃப்’: ‘எ நேட்டிவ் ஆஃப் மதுரை’.

அப்புறம், ஒரு நாட்டு மக்களை மொத்தமாக ‘நேட்டிவ்ஸ்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். வெள்ளையர் ஆட்சியில் நம்மவர்களை அப்படித்தான் தாழ்வாகக் குறிப்பிட்டார்கள். அந்த வடு சொல்லில் இன்னும் இருக்கிறது. ‘லோக்கல் பீப்பிள்’ என்றால் போதும்.