கெர்ப் கல் பதிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒப்பந்த அறிவிப்பில் ‘கெர்பிங்’ என்று வருகிறதே, பிளாட்பாரம் கட்டுவதா அது? (தேவிபட்டினம்)

இல்லை. சாலையின் விளிம்பில் வரிசையாகக் கல் பதிக்கும் வேலையே கெர்பிங். அந்தக் கல் கெர்ப் கல். நடைபாதை இல்லாத இடத்திலும் அது தேவைப்படலாம். ஏனெனில் பிடிமானமற்ற தார் விளிம்பு, சக்கரங்கள் ஏறி இறங்க உடைந்து, உள்ளே நீர் புக வழிவிடுகிறது. வாகனம் ஏறவே கூடாத இடத்தில் ஏறத்தாழ 20 செ.மீ., அவசரத்துக்கு ஏறலாம் என்னும் இடத்தில் 15 செ.மீ., ஏறி இறங்க அனுமதிக்கும் இடத்தில் 10 செ.மீ. உயரம் வைப்பது வழக்கம்.

எங்கள் தெருவில் பதித்த கற்கள் இரண்டே மழைக்காலத்தில் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டன. கல் மட்டமானதா? (தங்கச்சிமடம்)

கல்லைக் குறைசொல்லுமுன் அதன் முதுகுப்பக்கத்தைத் தோண்டிப் பாருங்கள். நம் கடலோர மணல் பிடிப்பின்றிப் பக்கவாட்டில் எளிதில் நகர்வது. அதன்மேல் வெறும் கல்லை வைத்து மண் அணைத்துவிட்டால், வண்டி இடிக்கும்போதும், ஐப்பசி, கார்த்திகை மழை அடிமண்ணைக் கரைக்கும்போதும் அது சாயாமல் என்ன செய்யும்? இறுக்கிய தரையில் கான்கிரீட் படுகை போட்டு, அது இறுகுமுன் கல்லை நூல் பிடித்து நிறுத்தி, பின்புறம் கல்லின் பாதி உயரத்துக்காவது கான்கிரீட் அணைப்புக் கொடுப்பதே முறை. கெர்ப் வரிசையின் வலிமை கண்ணுக்குத் தெரியாத அந்த அணைப்பில்தான் இருக்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். செலவைக் குறைக்கக் கடற்கரை மணலைக் கலவையில் சேர்ப்பதும் இங்கே உண்டு; அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, வெண்மையாகப் பூத்து, கல்லின் மேற்பரப்பை உதிர்த்துவிடும், உள்ளே கம்பி இருந்தால் துருவும் சேரும். நீர் வடிய இடைவெளியோ வாய்க்காலோ விடாத கெர்ப், தெருவையே குளமாக்கும். பணி முடியுமுன் அதையும் கேட்டு வாங்குங்கள்.

சக்கர நாற்காலியில் செல்பவருக்கு என்ன வழி? (இராமேசுவரம்)

கல்லைத் தாழ்த்திச் சரிவு அமைக்க வேண்டும். சரிவு 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதால் 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். யாத்திரை ஊரில் இது சலுகையன்று, அடிப்படைத் தேவை.

தோட்டப் பாத்திக்குப் பவளப்பாறைக் கல்லை வரம்பாக வைக்கலாமா? பழைய வீட்டுச் சுவர்களில் பார்த்திருக்கிறேன். (கீழக்கரை)

வேண்டாம். மன்னார் வளைகுடாவில் பவளக்கல் வெட்டியெடுத்தது பழைய கதை. 1986-இல் அங்குள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன, 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். செங்கலைக் குத்தாக நட்டோ சிறிய கெர்ப் கல் பதித்தோ வரம்பு கட்டுங்கள். பூவரசு போன்ற மரத்தைச் சுற்றி வைக்கும்போது அடிமரத்தை நெருக்காமல் இடம் விட்டு, கல்லின் மேல்மட்டத்தைத் தரையோடு சமமாக வைத்தால், அரிதாகப் பெய்யும் மழை நீரும் வேருக்குப் போய்ச் சேரும்.