சிப்பியின் வயதை அதன் ஓடே சொல்லும்: கேள்வி பதில்

அமெரிக்கக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவில் வளரும் சிப்பிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இது முத்துச்சிப்பி அல்ல, சாப்பிடும் சிப்பி. அறிவியல் பெயர் கிராசோஸ்ட்ரியா விர்ஜினிகா.

மயிலைவாசி: சார், மரத்தில் வளையம் எண்ணுவதுபோல் ஓட்டின் மேல் தெரியும் வரிகளை எண்ணினால் போதாதா?

போதாது. ஒரு வரி குளிர்காலத்தில் விழுந்திருக்கலாம், இனப்பெருக்கம் முடிந்த களைப்பில் விழுந்திருக்கலாம், புயலில் சேறு மூடியதாலும் விழுந்திருக்கலாம். மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அதோடு சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வளர்பவை. பக்கத்துச் சிப்பி விட்ட இடத்தைப் பொறுத்து ஓட்டின் வடிவம் மாறும், ஓரமும் உடையும்.

அதனால் இரண்டு ஓடுகளும் சேரும் மூட்டுப் பகுதியைத்தான் பார்க்கிறோம். அது சின்ன இடம். ஆனால் குஞ்சுப் பருவம் முதல் கடைசி நாள் வரை வளர்ந்த அடுக்குகள் அங்கே வரிசையாக இருக்கும். நெடுக்காக அறுத்து மெருகேற்றினால் அவை தெளிவாகத் தெரியும்.

நெய்தல்: அந்த அடுக்கில் வேதியியல் எங்கே வருகிறது?

ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதில் உள்ள ஆக்சிஜனில் பெரும்பாலானவை நிறை எண் 16 உள்ள அணுக்கள், மிகச் சில 18. தண்ணீர் குளிரக் குளிர, 18 சற்றுக் கூடுதலாக ஓட்டில் சேரும். ஏறத்தாழ 4 முதல் 5 டிகிரி செல்சியஸ் மாறினால் இந்த விகிதம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும். இதை வைத்துப் பழங்காலக் கடலின் வெப்பத்தையே அளக்கலாம் என்று 1947 இல் சொன்னவர் ஹரால்ட் யூரி. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து 1934 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

மெல்லிய துளைப்பானால் வளர்ச்சித் திசையில் வரிசையாகத் துளைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடி எடுப்போம். பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தால் பொடியிலிருந்து கரியமில வாயு வரும். அதில் 18 இன் விகிதம் எவ்வளவு என்று நிறைமாலைமானியில் (அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) அளப்போம். எண்களை வரைபடமாகப் போட்டால் அலைபோல ஏறி இறங்கும். ஏற்றம் குளிர்காலம், இறக்கம் கோடை. ஏற்றங்களை எண்ணினால் எத்தனை குளிர்காலம் வாழ்ந்தது என்று தெரியும். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே உள்ள தூரம் அந்த வருடத்து வளர்ச்சி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் இந்தச் சிப்பி வளர்வதையே நிறுத்திவிடும். அதனால் கடுங்குளிர் ஓட்டில் பதிவாகாது, அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கூராக நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை அளவீட்டுப் பிழை என்று நினைத்துவிடுகிறார்கள். பிழை அல்ல, அதுதான் நமக்கு வேண்டிய குறி.

கணக்கு வாத்தியார்: ஆற்று நீர் கலந்தால் விகிதம் மாறாதா?

மாறும் ஐயா, நல்ல கேள்வி. ஆற்று நீரில் 18 குறைவு. இந்த விரிகுடாவில் வந்து கலக்கும் சஸ்குவெஹானா ஆற்றில் வசந்த காலத்தில் பனி உருகி வெள்ளம் வந்தால், வெப்பம் கூடியதுபோலவே ஓட்டில் பதியும். எனவே நீரின் உப்பு அளவு தெரியாமல் இந்த எண்ணை வெப்பமாக மாற்றக் கூடாது. வருடங்களை எண்ணுவதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் சிக்கலில்லை.

நெய்தல்: செலவு குறைவான வழி உண்டா?

உண்டு. லேசரால் ஓட்டைச் சுரண்டிக்கொண்டே போய் மெக்னீசியம், கால்சியம் விகிதத்தை அளக்கலாம். வெப்பம் கூடினால் மெக்னீசியமும் கூடும். வேகமாக முடிவதால் நிறைய ஓடுகளைப் பார்க்கலாம். ஆனால் சிப்பியின் உடல்நிலையும் அந்த அளவை மாற்றும். அதனால் சில ஓடுகளையாவது ஆக்சிஜனை வைத்துச் சரிபார்த்த பிறகே லேசர் கணக்கை நம்புவேன்.

தூத்துக்குடிக்காரன்: அண்ணே, நம்ம கழிமுகச் சிப்பிக்கு இது ஒத்துவருமா?

அப்படியே ஒத்துவராது தம்பி. நம் பக்கம் கடுங்குளிர் இல்லை, வளர்ச்சி நிற்கும் அளவுக்குத் தண்ணீர் குளிராது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கழிமுகத்தின் உப்பு சடசடவென்று குறையும், 18 இன் விகிதமும் இறங்கும். இங்கே குளிரின் ஏற்றத்தை விட்டுவிட்டு மழையின் இறக்கத்தைத் தேட வேண்டும். மழை பொய்த்த வருடம் குறி விழாமல் போகலாம். முதலில் உயிருள்ள சிப்பிக்குக் கால்சீன் (ஓட்டில் ஒளிரும் கோடாகப் பதியும்) சாயம் ஏற்றி, நாள் குறித்து வளர்த்துப் பார்க்க வேண்டும். சாயக் கோடு இருக்கும் இடம் தெரிந்தால் அளவைச் சரிபார்த்துவிடலாம்.

மயிலைவாசி: வயது தெரிந்து என்ன ஆகப்போகிறது சார்?

நான் இந்த வேலையை விரும்பிச் செய்வதே இதற்காகத்தான். ரோவன் லாக்வுட், ரோஜர் மேன் இருவரும் 2019 இல் வெளியிட்ட ஆய்வு, செசபீக் பகுதியில் 9 இடங்களில் கிடைத்த 4000க்கும் மேற்பட்ட புதைபடிவச் சிப்பிகளைப் பார்த்தது. அவை இன்றைய சிப்பிகளைவிடப் பெரியவை, கூடுதல் காலம் வாழ்ந்தவை, எண்ணிக்கையிலும் ஏறத்தாழ 10 மடங்கு அடர்த்தியானவை. இந்தச் சிப்பிகளில் பல ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். பெரியதாகப் பார்த்து அள்ளும்போது முட்டையிடும் பெண் சிப்பிகளே முதலில் போகின்றன. அளவை மட்டும் பார்த்தால், சிப்பி சிறியதாக இருப்பது மெதுவாக வளர்வதாலா, சீக்கிரம் செத்துப்போவதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதலாவது என்றால் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது என்றால் நோயையும் அறுவடையையும் கவனிக்க வேண்டும்.