எல்லா ஆழமும் 10 கிலோமீட்டர் என்று வருவது ஏன்?

தம்பி, ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊர்ப் பக்கம் வந்த தொடர் நிலநடுக்கங்களை வைத்துப் புராஜெக்ட் செய்கிறீர்கள், அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் பட்டியலில் பெரும்பாலும் ஆழம் 10 கிலோமீட்டர் என்றே வருகிறது, மாக்மா (நிலத்தடியில் உருகிய பாறைக்குழம்பு) நகர்வதே தெரியவில்லை என்கிறீர்கள். அந்த 10 அளந்த எண்ணே இல்லை. ஆழம் சரியாகப் பிடிபடாதபோது அவர்கள் போட்டுவைக்கும் நிலையான மதிப்பு அது. கருவிகள் தூரத்தில் இருந்தால் அப்படித்தான் ஆகும். பினாங்கில் நம் அடுக்குமாடியை ஆட்டும் சுமத்ரா நடுக்கங்கள் பெரியவை, அவற்றுக்கு அந்தப் பட்டியல் போதும். இதற்குப் போதாது.

ஐஸ்லாந்து வானிலை அலுவலகத்தின் தரவை எடுங்கள். கருவிகள் பக்கத்திலேயே இருப்பதால் சின்ன நடுக்கமும் பதிவாகும், ஆழத்தையும் ஓரளவு நம்பலாம். அப்புறம், ஆழத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்: 2023 நவம்பர் 10 அன்று மாக்மா சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்குப் பக்கவாட்டில் பாறையைப் பிளந்துகொண்டு ஓடியது, அதனால் நேரத்தை ஓர் அச்சிலும் பிளவு நெடுகிலுமான தூரத்தை இன்னொன்றிலும் வைத்து வரைந்தால்தான் புள்ளிகள் நகர்வது தெரியும்.

எரிமலை வெடித்தது அதே ஆண்டு டிசம்பர் 18. இடைப்பட்ட வாரங்களில் நடுக்கம் குறைந்துதான் போயிருந்தது, அதைப் பார்த்து ‘ஆபத்து நீங்கியது’ என்று எழுதிவிடாதீர்கள். கிரிண்டாவிக்குக்குப் பக்கத்திலுள்ள ஸ்வார்ட்செங்கியில் நிலம் உயர்ந்த ஜிபிஎஸ் தரவையும் கூடவே போடுங்கள், அடியில் மாக்மா சேர்வதை அதுதான் காட்டும்.