கைடட் ரேடார் சென்சார் டேங்கில் திரவ மட்டத்தை எப்படி அளக்கிறது? ஆவியும் நுரையும் இருந்தால் தப்பாகக் காட்டாதா?

டேங்கின் மேலிருந்து அடிவரை ஓர் உலோகக் கம்பி தொங்கும். விஷயமே அதில்தான் இருக்கிறது. சென்சார் அனுப்பும் மின்காந்தத் துடிப்பு அங்கும் இங்கும் சிதறாமல், அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் இறங்கும். திரவத்தைத் தொட்டதும் ஒரு பகுதி திரும்பி வரும். போய்வந்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். அதை டேங்க் உயரத்தில் கழித்தால் மட்டம்.

திரவம் 1 மீட்டர் கீழே இருந்தால் போய்வர சுமார் 6.7 நானோசெகண்ட்தான். ஒரே துடிப்பில் இதைப் பிடிப்பது கஷ்டம். அதனால் அடுத்தடுத்த துடிப்புகளில் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி சிக்னலின் மாதிரி எடுத்து, எதிரொலியின் வடிவத்தைச் சேர்த்து வரைகிறது.

எவ்வளவு திரும்பும் என்பது திரவத்தின் டைஎலக்ட்ரிக் மாறிலியைப் பொறுத்தது (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்டுகிறது என்று சொல்லும் எண்). தண்ணீருக்கு அது சுமார் 80, கனிம எண்ணெய்க்கு 2 சொச்சம். எண்ணெயின் எதிரொலி பலவீனம்தான், ஆனால் அதில் ஒரு லாபம்: எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் இருந்தால், மீதித் துடிப்பு எண்ணெயைக் கடந்து அந்தத் தண்ணீரில் பட்டு இன்னொரு எதிரொலி தரும். ஒரே கம்பியில் இரண்டு மட்டம்!

சாதாரண ஆவியும் லேசான நுரையும் பெரிதாகப் பாதிக்காது. உயர் அழுத்த நீராவி துடிப்பை மெதுவாக்கும், அதற்குத் திருத்தம் வேண்டும். கம்பியில் கெட்டியாக அப்பிக்கொள்ளும் திரவம் என்றால், என்னைக் கேட்டால் கம்பியில்லாத ரேடாரே மேல்.