முழுக்கை டாட்டூ: தரகரை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கும் எனக்கு வயது 26. இடது தோளிலிருந்து மணிக்கட்டு வரையும் இடப்பக்க மார்பிலும் கறுப்பு, சாம்பல் நிறங்களில் பெரிய டாட்டூ குத்திக்கொள்ள விரும்புகிறேன். புதுச்சேரி விடுதி ஒன்றின் மூலம் அறிமுகமான ஒருவர், ஒரே நாளில், வலியே இல்லாமல், பாதி விலையில் முடித்துத் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். குத்தப்போகிறவரை நான் பார்த்ததில்லை. அவருடைய வேலை என்று சில படங்கள் மட்டும் கைபேசிக்கு வந்தன. நம்பிப் போகலாமா?

பதில் (தோல் மருத்துவர், புதுச்சேரி): போக வேண்டாம். பெரிய டாட்டூ குத்திக்கொள்வதைத் தவறென்று நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தரப்பட்டுள்ள மூன்று வாக்குறுதிகளில் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே மறுப்பதற்குப் போதுமான காரணம் என்றுதான் சொல்கிறேன்.

முதலில், ஒரே நாள். டாட்டூ ஊசி தோலின் மேலடுக்கைத் தாண்டி ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை வைக்கிறது. கை முழுவதும் மார்பும் சேர்ந்தால் அது மிகப் பெரிய புண். நல்ல கலைஞர்கள் இதைச் சில மணி நேரம் கொண்ட பல அமர்வுகளாகப் பிரித்து, ஒருமுறை குத்திய இடம் ஆறிய பிறகே மீண்டும் அங்கே கைவைப்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். வீங்கிய தோலின் மீது மீண்டும் மீண்டும் ஊசி ஓடினால் மை கோட்டைத் தாண்டிப் பரவும், தழும்பும் விழும். ‘ஒரே நாள்’ என்ற ஏற்பாடு, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறும் சுற்றுலாப் பயணிகளுக்காக உருவானது. இருபத்தைந்து கிலோமீட்டர் அளவு தொலைவில் வசிக்கும் உங்களுக்கு அந்த அவசரம் எதற்கு?

அடுத்து, வலியின்மை. இதுதான் என்னை மிகவும் அஞ்ச வைக்கிறது. மரத்துப்போகச் செய்யும் களிம்புகளில் பெரும்பாலும் லிடோகெயின் இருக்கும். உள்ளங்கை அளவு இடத்தில் தடவினால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் கை முழுவதும் பூசி, பிளாஸ்டிக் உறையால் சுற்றி, பிறகு கிழிந்த தோலின் மேல் மறுபடியும் பூசினால் மருந்து இரத்தத்தில் கலந்து வலிப்பையும் இதயத் துடிப்புக் கோளாறையும் ஏற்படுத்தக்கூடும். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெயின் உள்ள, டாட்டூவுக்கென்று கடைகளில் விற்கப்படும் களிம்புகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் வெளிப்படையாக எச்சரித்தது. பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவிலிருந்து எதை எடுத்துப் பூசினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி தரகர். விடுதி வாசலிலும் கடற்கரைச் சாலை அருகிலும் நின்று ஆள் பிடிப்பவருக்குக் கிடைக்கும் தரகு, உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது. விலையைப் பாதியாக்கி, அதிலும் ஒரு பங்கு அவருக்குப் போன பின் மிஞ்சும் தொகையில் புதிய ஊசி, தரமான மை, போதுமான நேரம் ஆகிய மூன்றும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அனுப்பப்படும் படங்கள் யாருடைய வேலை என்றும் உங்களுக்குத் தெரியாது. குத்தி முடித்த நிமிடத்தில் எடுத்த படத்தில் எல்லா டாட்டூவும் பளிச்சென்றுதான் இருக்கும். ஓராண்டுக்கு முன் குத்தியது, நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்று எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் அந்த வாடிக்கையாளரையே நேரில் பாருங்கள். உங்கள் தோலில் கைவைக்கப்போகும் மனிதரிடம் குறைந்தது ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். மது அருந்தி வந்தவரைத் திருப்பி அனுப்புகிறாரா, ‘இந்த இடத்தில் இந்தப் படம் சரிவராது’ என்று மறுக்கத் தெரிந்தவரா என்று கவனியுங்கள். மறுக்கத் தெரிந்தவரையே நான் நம்புவேன்.

உரிமச் சான்றிதழைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். சுவரில் மாட்டியிருப்பது பெரும்பாலும் நகராட்சியின் வர்த்தக உரிமம். அது கடை நடத்துவதற்கான அனுமதி மட்டுமே. குத்துபவரின் பயிற்சியையும் கிருமிநீக்க அறிவையும் சோதித்து உரிமம் வழங்கும் தனிச் சட்டம் நாடு முழுவதற்குமாக இன்றுவரை இல்லை. காது குத்துவது போல் சிறிய வேலையாக இதை எண்ணிய காலம் எப்போதோ போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்துவிட்டது. இங்கே கோப்புகள் நகர்வதற்குள் சீழ்பிடித்த கைகள் எங்களிடம் வந்துவிடுகின்றன.

ஆகவே சோதனை உங்கள் கண்களில்தான் இருக்கிறது. ஊசியின் உறையை உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும். மையைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். திரும்பப் பயன்படுத்தும் உலோகப் பாகம் இருந்தால் அது ஆட்டோகிளேவ் எனும் கிருமிநீக்கக் கருவியில், அழுத்தத்தில் உள்ள 121 டிகிரி செல்சியஸ் நீராவியில், குறைந்தது 15 நிமிடம் இருந்திருக்க வேண்டும். டெட்டால் துணியால் துடைப்பது கிருமிநீக்கம் ஆகாது. ஆடித் தேரின்போதும் மாசிமகத்தின்போதும் ஒரே ஊசியை வரிசையில் நிற்கும் அனைவருக்கும் பயன்படுத்தும் கடைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. நீங்கள் விரும்புவது சாம்பல் நிழல் என்பதால் இன்னொன்று: கறுப்பு மையில் தண்ணீர் கலந்தே அந்த நிறம் பெறப்படுகிறது. 2011-12ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், கலந்து விற்கப்பட்ட சாம்பல் மையால் 19 பேருக்குக் காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமி தோலில் தொற்றியது. குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ கலப்பதைக் கண்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் டாட்டூவே கூடாத ஒரு நிலை உண்டு. கீலாய்டு எனப்படும், காயத்தின் எல்லையைத் தாண்டி மேடாக வளரும் தழும்பு அது. நம் நிறத்துத் தோலில் இது கூடுதலாக வருகிறது. அதிலும் மார்பும் தோளும், அதாவது நீங்கள் தேர்ந்தெடுத்த இடங்களே, இதற்குப் பேர்போனவை. இடது மேற்கையில் குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பைத் தொட்டுப் பாருங்கள். குழியாகவோ தட்டையாகவோ இருந்தால் நல்ல அடையாளம். மினுமினுப்பாக மேடிட்டு, அரித்து, ஆண்டுகள் ஆகியும் பரவிக்கொண்டிருந்தால் வேண்டாம். முகப்பரு ஆறிய இடங்களையும், பழைய தையல் தழும்புகளையும் அப்படியே பாருங்கள். தாய் தந்தையருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ காது குத்திய இடத்தில் கட்டி போல் வளர்ந்திருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். காயத்தின் அளவுக்குள்ளேயே தடித்து, சில மாதங்களில் தணிந்துவிடும் தழும்பு வேறு. அதைக் கீலாய்டு என்று எண்ணி அஞ்ச வேண்டாம். இரண்டையும் பிரித்தறிய முடியாவிட்டால் ஜிப்மர் தோல் பிரிவிலோ உங்கள் ஊர் தோல் மருத்துவரிடமோ காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. உங்கள் வயதினரில் பலருக்குக் குழந்தையாக இருந்தபோது இது போடப்படவில்லை. குத்திய பின் 12 மாதம் இரத்த தானம் செய்ய முடியாது. புண் முழுவதும் ஆறும்வரை தேவனாம்பட்டினமோ செரினிட்டியோ, எந்தக் கடலிலும் இறங்காதீர்கள். டாட்டூ குத்திய ஐந்தாம் நாள் கடலில் நீந்திய 31 வயது மனிதர் ஒருவர் அமெரிக்காவில் விப்ரியோ என்ற கடல்நீர்க் கிருமி தாக்கி இறந்ததை 2017ல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அந்த 5,000 ரூபாய்க்காகக் கையை நீட்டிவிடாதீர்கள். முழுக்கை டாட்டூவை லேசர் மூலம் மங்கச் செய்யப் பல அமர்வுகள் தேவைப்படும். அதற்கான செலவு இந்தத் தொகையைப் பல மடங்கு தாண்டும், அதன் பிறகும் வெளிறிய திட்டுகள் நிற்கக்கூடும்.